வல்லத்துக் கல் முதல் நெகிழி வில்லை வரை: மூக்குக் கண்ணாடித் தெரிவும் அதனை எடுத்துரைக்கும் பொறுப்பும் (திண்டுக்கல், சிறுமலை வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

மூக்குக் கண்ணாடியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வாங்குபவர் தம் கண்ணால் பார்த்துத் தரம் அறிய இயலாத பண்டம் வில்லை. ஆதலால் அதனைக் கொடுப்பவர் சொல்லும் விளக்கமும் அப்பண்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்து வந்துள்ளது. வெனிசு நகரக் கைவினைச் சங்கத்தின் விதி, தஞ்சை வல்லத்துப் படிகக்கல் கண்ணாடி, மதுரைக் கண் மருத்துவ முகாம்கள், இன்றைய நெகிழி வில்லைகள் ஆகியவற்றினூடே இவ்விளக்கம் எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர், சின்னாளப்பட்டி நெசவாளர், சிறுமலை வேளாண் மக்கள் ஆகியோரின் தொழிற்சூழல் இதற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றது.

திறவுச் சொற்கள்: மூக்குக் கண்ணாடி, வெள்ளெழுத்து, வல்லம் படிகக்கல், இரட்டைக் குவிய வில்லை, திண்டுக்கல், சிறுமலை

முன்னுரை

திண்டுக்கல் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள சிறுமலைக்குச் செல்லும் சாலை 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. காப்பி, எலுமிச்சை, மலைவாழை ஆகியவை விளையும் அம்மலையில், வண்டி செல்லாத தோட்டங்களிலிருந்து விளைபொருள்களைக் குதிரைகளின் முதுகில் ஏற்றிக் கொணரும் வழக்கம் இன்றும் உள்ளது. கீழே சமவெளியில் பூட்டுப் பட்டறைகளும், சற்றுத் தள்ளிச் சின்னாளப்பட்டியில் கைத்தறிகளும் உள்ளன. மலைத்தோட்டத்தில் உழைப்பவர், பட்டறையில் அரம் பிடிப்பவர், தறியில் அமர்பவர் ஆகிய மூவரும் ஐம்பத்தைந்து வயதினர் எனக் கொள்வோம். கண் பரிசோதனையில் மூவருக்கும் ஒரே அளவு குறிக்கப்பட்ட சீட்டுக் கிடைக்கலாம். எனினும் மூவருக்கும் உரிய வில்லை ஒன்றன்று. சீட்டிலுள்ள எண் கண்ணை அளந்து பெற்றது. வில்லையோ கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் இடைப்பட்ட வாழ்வுக்கு உரியது.

இவ்வேறுபாட்டை யார் அறிய வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்னும் வினா இன்று பிறந்ததன்று. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆதலின் இவ்வட்டாரத்தின் கண் மருத்துவ வரலாற்றை மதுரையிலும், வில்லைப் பொருளின் வரலாற்றைத் தஞ்சையிலும் அதற்கப்பாலும் தேட வேண்டியுள்ளது.

சொற்களில் படிந்த பார்வை

'ஆடி' என்னும் சொல் பழந்தமிழில் முகம் பார்க்கும் ஆடியைக் குறித்தது. பிற்காலத்தில் 'கண்ணாடி' என்பது முகம் பார்க்கும் பொருளையும், சன்னலில் பதிக்கும் பொருளையும், கண்ணுக்கு அணியும் பொருளையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. இவற்றுள் மூன்றாவதைப் பிரித்துக் காட்டத் தமிழ் மக்கள் அது பயன்படும் கண்ணைக் கொண்டு பெயரிடாமல், அது அமரும் மூக்கைக் கொண்டு பெயரிட்டனர் என்பது சுவையான செய்தி.

வயது முதிர்வால் அருகிலுள்ளவை தெளிவின்றித் தோன்றுவதற்குத் தமிழில் இரு பெயர்கள் உண்டு. ஒன்று 'சாளேசுவரம்'. நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்னும் சொல்லின் வழி வந்தது இது. மராத்தியில் 'சாளிசி', கன்னடத்தில் 'சாளீசு', தெலுங்கில் 'சத்வாரம்' என அண்டை மொழிகளிலும் இக்குறைபாட்டுக்கோ அதற்கு அணியும் கண்ணாடிக்கோ நாற்பது என்னும் எண்ணே பெயராகியுள்ளது. மற்றொன்று 'வெள்ளெழுத்து'. இச்சொல் வயதைக் குறிக்காமல் அனுபவத்தைக் குறிக்கின்றது. கறுத்த எழுத்து வெளிறித் தோன்றுவதை அப்படியே சொல்கின்றது. நோயாளியின் பக்கமிருந்து பிறந்த சொல் என இதனைக் கொள்ளலாம். ஆனால் இதிலொரு குறையும் உண்டு. எழுத்து அறியாதவருக்கு வெள்ளெழுத்து இல்லை என்னும் எண்ணத்துக்கு இச்சொல் இடமளிக்கின்றது. எழுதப் படிக்கத் தெரியாத பூட்டுத் தொழிலாளிக்கும் ஊசியில் நூல் கோக்கும் மூதாட்டிக்கும் அதே குறைபாடு அதே வயதில் வருகின்றது. 'படிக்கிற கண்ணாடி' என்று கடைகளில் வழங்கும் பெயரும் இத்தகையதே. படிப்பு இல்லாதவர் அக்கண்ணாடி தமக்குரியதன்று என ஒதுங்குவதற்கு அப்பெயரே காரணமாகிவிடுகின்றது.

வெனிசு நகர விதி

ஐரோப்பாவில் மூக்குக் கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். 1306-இல் புளோரன்சு நகரில் மறையுரை ஆற்றிய ஜியோர்தானோ என்னும் துறவி, இக்கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை எனக் குறிப்பிட்டுள்ளார். திரேவிசோ நகர மடத்தில் 1352-இல் தொம்மாசோ தா மோதெனா வரைந்த சுவரோவியத்தில் கண்ணாடி அணிந்த சமய அறிஞர் ஒருவரின் உருவம் இடம்பெற்றுள்ளது.

இவற்றினும் இக்கட்டுரைக்கு முதன்மையானது வெனிசு நகரப் படிகக் கைவினைஞர் சங்கத்தின் விதிகளே. 1300-ஆம் ஆண்டு விதி, நிறமற்ற கண்ணாடியைப் படிகக்கல் எனச் சொல்லி விற்பதைத் தடை செய்தது. மறு ஆண்டில் கண்ணாடியாலும் வில்லை செய்யலாம் எனச் சங்கம் இசைவளித்தது; ஆனால் அதனைக் கண்ணாடி என்றே சொல்லி விற்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. அதாவது மலிவான பொருள் தடை செய்யப்படவில்லை. மலிவான பொருளைப் பற்றிய பொய்யே தடை செய்யப்பட்டது. மூக்குக் கண்ணாடி பிறந்த தலைமுறையிலேயே, அதனை விற்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும் விதி பிறந்துவிட்டது. படிகமும் கண்ணாடியும் அணிபவரின் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் என்பதே இவ்விதியின் தேவைக்குக் காரணம் எனலாம்.

வல்லத்துக் கல்லும் குளிர்ச்சியும்

தென்னிந்தியாவில் மூக்குக் கண்ணாடி வழங்கியதற்குரிய பழைய எழுத்துச் சான்றாக ஆய்வாளர் பி.கே. கோடே சுட்டுவது, விசயநகரப் பேரரசுக் காலத்து மத்துவ மடத் தலைவர் வியாசதீர்த்தரின் வரலாற்றைக் கூறும் சோமநாதரின் 'வியாசயோகி சரிதம்' என்னும் வடமொழி நூலாகும். வியாசதீர்த்தர் 1539-இல் மறைந்தவர். போர்த்துக்கீசியரின் வரவை ஒட்டிய காலம் இது என்பதால், அக்கண்ணாடி கடல்வழி வந்ததா என்னும் வினா எழுவது இயல்பே.

தமிழகத்திலேயே வில்லை செய்யப்பட்டதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு தஞ்சையை அடுத்த வல்லம் ஆகும். அங்குக் கிடைத்த படிகக்கற்களைத் தீட்டி மூக்குக் கண்ணாடி செய்யும் தொழிலை ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவரச்சுவடிகள் குறித்துள்ளன. கல்லை அறுத்துத் தீட்டும் மணிவினைஞர் மரபு தஞ்சையில் ஏற்கெனவே இருந்தமையால், அணிகலனுக்குரிய கைத்திறன் கண்ணுக்குரிய கருவிக்குத் திரும்பியது எனக் கொள்ள இடமுண்டு. அதே தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் காலத்துக் கண் நோயாளர் குறிப்பேடுகள், வண்ணப் படங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயாளியின் நிலையை எழுதிவைக்கும் வழக்கமும், கல்லைத் தீட்டி வில்லையாக்கும் தொழிலும் அருகருகே இருந்த நகரம் தஞ்சை.

படிகக்கல் வில்லையின் பெருமைகளுள் சில உண்மையானவை. அது கண்ணாடியைவிடக் கடினமானது. எளிதில் கீறல் விழாது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54, சாதாரணக் கண்ணாடியின் எண் 1.52. ஆகவே பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. கல்லைத் தவறான திசையில் அறுத்தால் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரியும் என்பதால், அறுக்கும் திசையை அறிந்த கைவினைஞரே நல்ல வில்லை தரமுடியும். இவ்வளவும் வாங்குபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றே: கல் தொட்டால் குளிரும். படிகம் கண்ணாடியைவிட வெப்பத்தை விரைந்து கடத்துவதால் அவ்வாறு உணரப்படுகின்றது. தொடும் விரலுக்குக் குளிர்வது பார்க்கும் கண்ணுக்கும் குளிர்ச்சி தரும் என்னும் முடிவுக்கு வருவது, கண் நோய்களைச் சூட்டோடு இணைத்து நோக்கும் நாட்டு மருத்துவச் சூழலில் மிக எளிது.

இங்கு அறிவியல் வேறொன்றைக் கூறுகின்றது. படிகக்கல் புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடியைவிட அதிகமாக உள்ளே விடும் இயல்புடையது. கண்ணைக் காப்பதாக நம்பப்பட்ட கல், அந்த ஒரு வகையில், மலிவான கண்ணாடியைவிடக் குறைவாகவே காத்தது. 1913-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ், உலைக்கண்ணாடித் தொழிலாளரின் கண்களைக் காக்கும் வில்லைகளைத் தேடிப் பல உலோகச் சேர்மானங்களைச் சோதித்த பின்னரே, எந்த வில்லை எந்தக் கதிரைத் தடுக்கும் என்பது அளவிட்டு அறியப்பட்டது.

கறுப்புக் கண்ணாடிக்குத் தமிழகத்தில் இன்று வழங்கும் பெயர் 'கூலிங் கிளாஸ்'. வல்லத்துக் கல்லோடு இப்பெயருக்கு நேர்த்தொடர்பு இருந்ததாகச் சொல்லச் சான்றில்லை. ஆனால் வில்லையின் நன்மையைக் குளிர்ச்சியால் அளக்கும் மனப்பாங்கு இரண்டிலும் ஒன்றே. புற ஊதாத் தடுப்பு இல்லாத வெறும் கறுப்பு வில்லை வெளிச்சத்தை மட்டும் குறைக்கின்றது. அதனால் கண்மணி விரிந்து, தடுக்கப்படாத கதிர் உட்புகும் வாயில் அகலமாகின்றது. மாறாக, நிறமே இல்லாத பாலிகார்பனேட் வில்லை அக்கதிர்களைத் தடுக்கவல்லது. கண்ணுக்குத் தெரியும் கருமைக்கும் கண்ணுக்குத் தெரியாத காப்புக்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்லி உணர்த்துவது இன்றும் கடினமான பணியாகவே உள்ளது.

எண்ணாகிய பார்வை

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வாங்குபவர் பல கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அணிந்து பார்த்துத் தமக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்வதே எங்கும் வழக்கமாக இருந்தது. 1862-இல் ஸ்னெல்லன் எழுத்துப் பலகையை வெளியிட்டார். 1864-இல் டோண்டர்ஸ், கண்ணின் குவியக் குறைபாடுகளைப் பகுத்துப் பெருநூல் எழுதினார். 1872-இல் மொனுவாயே 'டயாப்டர்' என்னும் அலகை முன்மொழிந்தார். சென்னையில் 1819-இலேயே கண் மருத்துவமனை நிறுவப்பட்டிருந்ததால், இப்புதிய அளவை முறை தமிழகத்துக்கு வருவதற்கு வாயில் இருந்தது.

அளவை வந்தபின் நோயாளியின் நிலை ஒரு வகையில் உயர்ந்தது. மற்றொரு வகையில் தாழ்ந்தது. சரியான வில்லை கிடைப்பது உறுதியாயிற்று. ஆனால் தெரிவு அவர் கையிலிருந்து நீங்கி, அவரால் படிக்க இயலாத சீட்டுக்குச் சென்றது. அச்சீட்டில் உள்ள எண்ணை மக்கள் 'பவர்' என்றனர். வலிமையைக் குறிக்கும் இச்சொல், கண்ணாடி என்பது கண்ணுக்கு ஏற்றும் மருந்து போன்றது, அணிய அணியப் 'பவர் ஏறும்' என்னும் அச்சத்துக்கு வழிவகுத்தது. வெள்ளெழுத்துக்குரிய எண், கண்ணாடி அணிந்தாலும் அணியாவிடினும் வயதோடு ஏறவே செய்யும். பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு வேண்டுமென்றே குறைத்து எழுதிக் கொடுத்தால் வளர்ச்சி மட்டுப்படும் என்னும் நம்பிக்கை மருத்துவரிடையேயும் இருந்தது. 2002-இல் வெளியான மலேசிய ஆய்வு, அவ்வாறு குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை விரைந்து மிகுந்ததைக் காட்டியது. தவறான விளக்கம் நோயாளியிடம் மட்டும் பிறப்பதில்லை.

சோடாபுட்டிக் கண்ணாடி

மதுரை வட்டாரத்தில் வில்லை பற்றிய விளக்கம் பெருந்திரளான மக்களுக்குத் தேவைப்பட்டது கண்புரை அறுவைக்குப் பின்னரேயாம். 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற கோ. வெங்கடசாமி, ஊர்களுக்கே சென்று முகாம் நடத்தும் முறையை வளர்த்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை.

அக்காலத்து அறுவையில் புரை படிந்த இயற்கை வில்லை முழுவதும் நீக்கப்படும். அதற்கு ஈடாக ஏறத்தாழ 10 டயாப்டர் ஆற்றலுள்ள தடித்த கண்ணாடி தரப்படும். தமிழ் மக்கள் இதற்குச் 'சோடாபுட்டி' என்று பெயரிட்டனர். கேலிச்சொல்லாயினும் இது துல்லியமான விளக்கமும் ஆகும். அவ்வில்லை பொருள்களை ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி ஒன்றும் தெரியாத வளையம் ஒன்று உண்டாகும். பக்கவாட்டில் வருபவர் மறைந்து, திடீரெனக் கண்முன் தோன்றுவார். வாசற்படி அருகில் உள்ளதுபோல் தெரியும். கால் வைத்தால் தள்ளியிருக்கும். ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை நடந்து மறு கண்ணிலும் பார்வை இருப்பின், இரு கண்களும் இரு அளவில் உருவம் காட்ட, அணிபவர் தடுமாறுவார். இவற்றை முன்கூட்டிச் சொல்லாதவிடத்து, 'அறுவை கெட்டுவிட்டது' என்னும் முடிவுக்கு நோயாளி வருவதில் வியப்பில்லை. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் பார்வையற்றவரே.

1949-இல் இலண்டனில் ஹாரோல்டு ரிட்லி முதன்முதலில் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்தினார். ஏழை நோயாளிகளுக்கு அது எட்டுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப், இறக்குமதி வில்லையின் விலையில் சிறு பங்குக்கு உள்விழி வில்லைகளைச் செய்யத் தொடங்கியது. தடித்த கண்ணாடியா, உள்விழி வில்லையா என்பதை ஒப்பிட்டு நடத்தப்பட்ட 'மதுரை உள்விழி வில்லை ஆய்வு' 3400 நோயாளிகளைக் கொண்டது. அதன் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. எழுத்துப் பலகையில் கண்ட அளவோடு நில்லாமல், அன்றாட வாழ்வில் என்ன செய்ய முடிகின்றது என நோயாளிகளையே கேட்டறிந்தது அவ்வாய்வின் சிறப்பு. உள்விழி வில்லை பெற்றவர்களின் விடைகளே மேம்பட்டிருந்தன. நோயாளியின் வாய்ச்சொல் வில்லைத் தெரிவுக்குச் சான்றாக ஏற்கப்பட்ட இடம் என இதனைக் குறிக்கலாம்.

பொருளும் பூச்சும்

சோடாபுட்டி மறைந்த அதே காலகட்டத்தில், கடைகளில் கண்ணாடி வில்லையின் இடத்தை நெகிழி பிடித்தது. சி.ஆர்.39 என்னும் பிசின் 1940-இல் அமெரிக்காவில் உருவானது. போர் விமானங்களின் எரிபொருள் கலங்களுக்குப் பயன்பட்டு, 1947 முதல் வில்லையாயிற்று. இதன் எடை கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதி; கீறல் விழுவதோ எளிது. அடுத்து வந்த பாலிகார்பனேட் உடையாத்தன்மை மிக்கது. ஆகவே பிள்ளைகளுக்கும், உலோகத் துகள் தெறிக்கும் பட்டறையில் உழைப்பவருக்கும் ஏற்றது. ஆனால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் குறை அதில் மிகுதி. வலிமை மிக்க வில்லையின் ஓரத்தில் வண்ணக்கோடு தெரியும். 1.60, 1.67, 1.74 என எண் ஏற ஏற வில்லை மெலியும், விலை ஏறும். மிகுந்த கிட்டப்பார்வை உடையவருக்கு இம்மெலிவு பெரும்பேறு. ஒன்றரை, இரண்டு டயாப்டர் அளவினருக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கடையில் கேட்பது அரிது.

1935-இல் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாக்குலா கண்ட எதிரொளித் தடுப்புப் பூச்சு இதற்கு மாறான இயல்புடையது. சாதாரண நெகிழி வில்லையின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும், 1.67 எண்ணுள்ள வில்லையிலோ இது 6 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே மெல்லிய வில்லைக்குப் பூச்சு ஆடம்பரமன்று. வெயிலில் கருமையடையும் வில்லை 1960-களில் கார்னிங் நிறுவனத்தில் பிறந்தது.

அண்மைக் காலத்தில் கணினி, கைப்பேசித் திரைகளின் நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி 'புளூ கட்' வில்லைகள் விற்கப்படுகின்றன. 17 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2023-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீடு, கண் சோர்வைக் குறைப்பதில் இவ்வில்லைகள் சாதாரண வில்லைகளைவிட மேம்பட்டவை எனச் சொல்வதற்குச் சான்று காணவில்லை. வல்லத்துக் கல்லின் குளிர்ச்சி விரலுக்காவது உணரத்தக்கதாய் இருந்தது. வெனிசு விதி இன்று நடப்பில் இருப்பின், இவ்வில்லையை விற்கலாம். எதற்காக எனச் சொல்வதில்தான் கட்டுப்பாடு வரும்.

பட்டறையும் தறியும்

வெள்ளெழுத்துக்குரிய வில்லையின் கணக்கு எளியது. ஒரு மீட்டரைத் தொலைவால் வகுத்தால் தேவையான ஆற்றல் கிடைக்கும்: 40 செ.மீ. தொலைவுக்கு 2.5 டயாப்டர், 50 செ.மீ.க்கு 2, 33 செ.மீ.க்கு 3. அறுபது வயதை நெருங்குபவரின் கண் தானாகக் குவியும் ஆற்றலை ஏறக்குறைய இழந்துவிடுவதால், வில்லை எத்தொலைவுக்கு அமைக்கப்பட்டதோ அதனைச் சுற்றியே தெளிவு கிட்டும். கண் பரிசோதனையில் பெரும்பாலும் செய்தித்தாள் பிடிக்கும் 40 செ.மீ. தொலைவே கொள்ளப்படுகின்றது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கையால் செய்யப்படுவதற்குப் பெயர் பெற்றது. மாங்காய்ப் பூட்டின் உள்ளே அமையும் நெம்புகளை அரத்தால் இழைத்துச் சாவியின் பற்களோடு பொருத்தும் வேலையில், மயிரிழை மிகுந்தால் பூட்டுத் திறவாது. குறைந்தால் வேறு சாவிக்கும் திறந்துவிடும். வைசில் பிடித்த தகட்டை அரத்தால் இழைக்கும்போது கை நீள்கின்றது. பொருத்திப் பார்க்கும்போது பொருள் முகத்தருகே வருகின்றது. இரண்டும் செய்தித்தாளின் தொலைவன்று. தறியில் அமர்பவருக்கோ நெய்த துணி மடியருகிலும், அறுந்த இழை கைக்கெட்டும் தொலைவிலும் இருக்கும். செய்தித்தாளுக்கு எழுதிய கண்ணாடியை அணிந்தால், அவர் குனிந்து குனிந்து முதுகு வலியோடு வீடு திரும்புவார். குறை கண்ணாடியில் என்பது அவருக்குத் தோன்றாமலே போகலாம்.

சரியான கிட்டக்கண்ணாடியின் பயன் கூலியில் வெளிப்படுவதை அசாம் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்த்திய ஆய்வு காட்டியுள்ளது. நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட அவ்வாய்வில், கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு பெறாதவர்களுடையதைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பது படிப்போடு தொடர்பற்ற தொழில். சிறுமலையில் காப்பிப் பழம் பறித்துத் தரம் பிரிப்போருக்கும் இது பொருந்தும் எனக் கருதலாம்.

மலைப்பாதையில் இரட்டை வில்லை

தொலைவுக்கும் அருகுக்கும் இரு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணியும் தொல்லையை நீக்க, இரண்டையும் பாதிப்பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785-இல் நண்பருக்கு எழுதிய மடலில் விளக்கியுள்ளார். 1908-இல் ஜான் போர்ஷ் உருவாக்கிய, இணைப்புக் கோடு எளிதில் தெரியாத 'கிரிப்டாக்' வகையின் பெயர் நம் கண்ணாடிக் கடைகளிலும் வழங்குகின்றது. 1959-இல் பெர்னார் மெத்தனாசு பிரான்சில் 'வாரிலக்ஸ்' என்னும் புரோகிரசிவ் வில்லையை வெளியிட்டார். மேலிருந்து கீழாக ஆற்றல் படிப்படியே ஏறுவதால் இடைத்தொலைவும் இதில் தெளிவாகும். பூட்டுத் தொழிலாளிக்கு இது நற்செய்தி. ஆனால் நடுவிலுள்ள ஒடுங்கிய வழியின் இருபுறமும் உருவம் சிதையும். இது செய்பவரின் குறையன்று. வழி குறுகக் குறுகச் சிதைவு மிகும் என்பதை மின்க்விட்ஸ் 1963-இல் கணித முறையில் நிறுவியுள்ளார். விலை உயர்ந்த வகைகள் இச்சிதைவை இடமாற்றிப் பரப்பும், ஒழிக்க இயலாது. இதனைக் கேளாமல் வாங்கியவர், ஒரு வாரத்தில் தலைசுற்றல் என்று சொல்லிக் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிடுகின்றார்.

மலையில் வாழ்பவருக்குச் சிக்கல் வேறு. இரட்டை வில்லையின் கீழ்ப்பகுதி 40 செ.மீ. தொலைவுக்கு அமைந்தது. நடப்பவரின் கண்ணுக்கும் தரைக்கும் இடைப்பட்ட தொலைவோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். பொதியோடு ஒற்றையடிப் பாதையில் இறங்குபவர் காலடியை நோக்கும்போது, கீழ்ப்பகுதியினூடே கல்லும் வேரும் மங்கலாகத் தெரியும். இரு பகுதிகளும் சேரும் இடத்தில் உருவம் துள்ளும். 2002-இல் வெளியான ஆத்திரேலிய ஆய்வு, இத்தகைய வில்லைகளை அணியும் முதியோர் தவறி விழும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டது.

அதனை அடுத்து 606 முதியோரைக் கொண்டு சிட்னியில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வின் முடிவு இன்னும் நுட்பமானது. இரட்டை அல்லது புரோகிரசிவ் வில்லை அணிந்தவர்களுக்கு, வெளியில் நடப்பதற்கெனத் தொலைவுக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று கூடுதலாகத் தரப்பட்டது. வெளியில் மிகுதியாக நடமாடியவர்கள் விழுவது குறைந்தது. வீட்டோடு இருந்து எப்போதேனும் வெளிச்செல்பவர்களுக்கோ வெளியிடங்களில் விழுவது கூடியது. ஒரே அறிவுரை இருவருக்கு எதிரெதிர் விளைவைத் தந்துள்ளது. சிறுமலைத் தோட்டத்தில் நாள்தோறும் ஏறி இறங்குபவருக்கு இரு தனிக் கண்ணாடிகளும், திண்டுக்கல் நகர வீட்டில் பழகிய அறைகளுக்குள் நடமாடும் அவர் தமக்கைக்கு அவர் பழகிய இரட்டை வில்லையுமே தகும் என இதிலிருந்து கொள்ளலாம். இருவர் சீட்டிலும் எண்கள் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

2004-ஐ ஒட்டி அரவிந்த் நிறுவனம் தொடங்கிய ஊர்ப்புறப் பார்வை மையங்களில், சிற்றூர்களிலிருந்தே தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்ட பெண்கள் கண்ணை அளந்து, காணொலி வழியே மருத்துவரோடு நோயாளியைப் பேசச் செய்கின்றனர். நோயாளியின் பேச்சுவழக்கையும் தொழிலையும் அறிந்த ஒருவரே அளவு எடுக்கும் இடத்தில் இருப்பது, மேற்கூறிய வினாக்களைக் கேட்பதற்கு வாய்ப்பான ஏற்பாடு. சென்னையில் 1985-இல் தொடங்கிய எலைட் பார்வையியல் பள்ளி முதலாகப் பட்டம் பெற்று வரும் பார்வையியலாளர், 2021-ஆம் ஆண்டுத் துணைமருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளனர். எனினும் வழக்கிலுள்ள கண் பரிசோதனைச் சீட்டில் தொலைவுக்கு ஒரு வரிசையும் அருகுக்கு ஒரு வரிசையும் மட்டுமே அச்சிடப்பட்டுள்ளன. நோயாளியின் தொழில் யாது, கை எவ்வளவு நீள்கின்றது, நாளில் எத்தனை முறை படியோ பாதையோ இறங்குகின்றார் என்பவற்றை எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லை. எழுத விரும்புபவர் சீட்டின் ஓரத்தில்தான் எழுத வேண்டியுள்ளது.